கைக்கு வருவதில் தொடங்குங்கள்: பியானோவில் முதல் உருப்படி எழுதுவது எப்படி

திருகோணமலையில் டச் பே கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருபத்தொரு வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பியானோப் பரீட்சையில் எட்டாம் கிரேட் வரை போன பிள்ளைகள் என்னிடம் உண்டு. பாக் கேட்டால் வாசிப்பார்கள், பீத்தோவன் கேட்டால் வாசிப்பார்கள். "உங்கட சொந்தத்தில நாலு வரி வாசியுங்கோ" என்றால் மட்டும் கை கட்டையின் மேல் அப்படியே நின்றுவிடும். அதை நான் பிள்ளைகளின் குறையாக நினைப்பதில்லை. எழுதுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் இன்னொருவர் என்று நாம்தான் அவர்களைப் பழக்கிவிட்டோம். ஷோப்பன், பிரான்ஸ் லிஸ்ட், ரக்மானினோவ் என்ற பெரிய இசையமைப்பாளர்கள் எல்லோரும் மேடையில் வாசித்த அதே கையால்தான் எழுதினார்கள். கிளாரா ஷூமான் 1835இல் லைப்சிக் நகரில் தன்னுடைய கொன்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) தானே வாசித்தபோது அவருக்குப் பதினாறு வயது. என்னிடம் வரும் பெண்பிள்ளைகளுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பெரிய பியானோ வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 61 கட்டை கீபோர்ட் போதும். ஒரு கொப்பி, பென்சில், நல்ல அழிறப்பர், பதிவு செய்ய ஒரு போன். அவ்வளவுதான்.

முதலில் மெட்டுத் தேடாதீர்கள், கையைப் பாருங்கள். உங்கள் கைக்குத் தானாக வருகிற அசைவு எது? ஷோப்பன் 1833இல் வெளியிட்ட பத்தாம் ஓபஸ் (பத்தாம் இலக்கத் தொகுப்பு) எட்யூட்களை, அதாவது பயிற்சி உருப்படிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக ஒவ்வொன்றும் கையின் ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு போகும். முதலாவதில் வலது கை அகல விரிந்து மேலே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஐந்தாவதில் வலது கை, ஒரே ஓர் இடம் தவிர, கருப்புக்கட்டைகளிலேயே ஓடும். அந்த ஐந்து கருப்புக்கட்டைகளும் நமக்கு மோகன ராகம். இதைச் சொன்னால் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

கை சிறியதா, விரல் ஒன்று நோகிறதா, அதையும் கணக்கில் எடுங்கள். ரக்மானினோவுக்கு மிகப் பெரிய கை. அவருடைய கோர்டுகள் (ஒன்றாக அமத்தும் சுரக்கூட்டங்கள்) அந்தக் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். பிறகு 1894இல் இடது கைக்கு மட்டும் ஒரு பிரெலூட், ஒரு நொக்டர்ன் என்று இரண்டு தனி உருப்படிகள் எழுதினார்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி, நான் கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டிருக்கும்போது இடது கையால் மெதுவாக எதையோ ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பெயரில் சொன்னால் ஏ, ஈ, மேல் ஏ என்ற சுரங்கள். சுண்டுவிரல், ஆட்காட்டிவிரல், பெருவிரல். மூன்று மூன்றாகத் திஸ்ரநடையில் தொட்டில் ஆட்டுவது போல. "அது என்ன?" என்று கேட்டேன். "சும்மா, மிஸ்" என்றாள். அந்தச் சும்மாவைத்தான் எழுதச் சொன்னேன்.

அதே கை வடிவத்தை மாற்றாமல் ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறக்கினோம். ஏ, ஈ, ஏ. பிறகு ஜி, டி, ஜி. எஃப், சி, எஃப். கடைசியாக ஈ, பி, ஈ. எல்லாமே வெள்ளைக்கட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தால் ஒரு பார், அதாவது ஒரு தாள அளவு. நாலும் சேர்ந்தால் நாலு பார். ஹார்மனி (சுரங்களைச் சேர்க்கும் விதிகள்) பரீட்சையில் இப்படி வரிசையாக ஐந்தாம் சுர இடைவெளிகளை (ஏயிலிருந்து ஈ போல) இறக்கினால் சிவப்புக் கோடு விழும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். அந்த ஓசையில் ஒரு வெறுமை இருக்கிறது, அது இந்த உருப்படிக்குப் பொருந்துகிறது.

வலது கைக்கு நான் ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: ஏ, சி, டி, ஈ, ஜி ஆகிய ஐந்து சுரங்கள் மட்டும். இரண்டு நிமிடத்தில் அவளே, "மிஸ், இது சுத்த தன்யாசியெல்லோ" என்றாள். ஓம், ஏயை ஷட்ஜமாகப் பிடித்தால் அதுதான். அப்புறம் நாலாவது பாரில் ஜிக்குப் பதிலாக ஜி ஷார்ப்பை (ஜிக்கு அடுத்த மேல் கருப்புக்கட்டையை) தொட்டுக் காட்டினேன். கீழே ஈயும் பியும் ஒலிக்கும்போது அந்த ஜி ஷார்ப் வந்தால், ஏக்குத் திரும்பிப் போகவேண்டும் என்ற தவிப்பு வந்துவிடும். ஆனால் ராகம் உடையும். அவள் ஒரு கிழமை யோசித்தாள். முதல் மூன்று சுற்றிலும் ஜி, கடைசிச் சுற்றில் மட்டும் ஜி ஷார்ப் என்று முடிவெடுத்து வந்தாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு வடிவாக வந்திராது.

நாலு சுற்று, பதினாறு பார். முதல் உருப்படிக்கு அது காணும். ஷோப்பனின் சி மைனர் பிரெலூட் மொத்தமே 13 பார்தான், அதன் பாரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

வந்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். மோட்சார்ட் 1788இல் எழுதிய டி மேஜர் கொன்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியில் பல இடங்களில் இடது கை வெறுமையாகவே கிடக்கிறது. வாசிக்கப்போவது தானே என்பதால் அவருக்கு அது தேவைப்படவில்லை. பின்னால் வேறு யாரோ நிரப்ப வேண்டியதாயிற்று. நமக்கோ செவ்வாய்க்கிழமை வந்தது வியாழக்கிழமை மறந்துபோகும். முதலில் போனில் பதிந்து, பிறகு கொப்பியில் எழுதுங்கள். ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) எழுத வராவிட்டால் ச ரி க ம போதும். எந்த விரல் என்பதை மட்டும் கட்டாயம் குறியுங்கள்.

எழுதியதைத் திருத்துவதுதான் பாதி வேலை. லிஸ்ட் பதினைந்து வயதளவில் எழுதிய பயிற்சிகளை 1830களின் கடைசியில் பயங்கரமான கடினத்துக்குக் கொண்டுபோனார். பிறகு 1852இல் வெளிவந்த வடிவத்தில் எத்தனையோ சுமையை இறக்கிவைத்தார். இன்றைக்கு எல்லோரும் வாசிப்பது அந்தக் கடைசி வடிவத்தைத்தான். அவரை விடப் பெரிய வாசிப்பாளர் யார் இருந்தார், அவரே குறைத்திருக்கிறார். என் வழி இது: ஒரே இடத்தில் மூன்று நாளும் தடக்கினால், அந்த இடத்தைப் பயிற்சி செய்வதை நிறுத்திவிட்டு அழிறப்பரை எடுங்கள். ஒரு சுரத்தை எடுத்துவிட்டால் போதுமா என்று பாருங்கள்.

உங்கள் வாத்தியத்துக்கும் காது கொடுங்கள். துருக்கியின் ஃபசில் சே 1997இல் எழுதிய 'கருப்பு மண்' என்ற உருப்படியில், ஒரு கையைப் பியானோவுக்குள் விட்டுத் தந்திகளை அமத்திக்கொண்டே மற்றக் கையால் வாசிப்பார். அவர்கள் நாட்டுத் தந்தி வாத்தியமான சாஸ் போல ஒலிக்கும். நிமிர்ந்த பியானோ வைத்திருப்பவர்கள் மேல் மூடியைத் திறந்து செய்து பார்க்கலாம். ஆனால் வெறும் கையை வைக்காதீர்கள். நம் ஊரில் உப்புக்காற்றே தந்தியைத் தின்றுவிடும், வேர்வையும் பட்டால் கேட்கத் தேவையில்லை. மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்து அமத்துங்கள். கீபோர்டில் இது நடக்காது, அதற்குப் பதிலாக ஒரே உருப்படியை நாலைந்து ஒலிகளில் வாசித்து, எது பொருந்துகிறது என்று கேளுங்கள்.

கடைசியில் ஆட்களுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கும். ரக்மானினோவின் முதல் சிம்பொனி 1897இல் படுதோல்வி. சில வருடங்கள் அவரால் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. சிகிச்சை பெற்று மீண்டு வந்து 1901இல் இரண்டாம் கொன்செர்ட்டோவை முழுமையாகத் தானே வாசித்தார். அதே மனிதர் பின்னாளில் தன்னுடைய கொரெல்லி வேரியேஷன்களை (ஒரே மெட்டை விதவிதமாக மாற்றிச் செல்லும் பகுதிகளை) மேடையில் வாசிக்கும்போது, சபையில் இருமல் கூடினால் அடுத்த வேரியேஷனை விட்டுவிட்டுத் தாண்டிப் போவாராம். எழுதியவரே வாசிக்கிறவராக இருந்தால் கிடைக்கும் சுதந்திரம் அது.

உங்கள் சபை நாலு பேராக இருக்கட்டும். அம்மம்மா, பக்கத்து வீட்டு அன்ரி, தம்பி, ஒரு சிநேகிதி. "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லது என்பார்கள். எந்த இடத்தில் கதிரை கிரீச்சிட்டது, தம்பி எப்போது போனைத் தொட்டான் என்று மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

அந்தப் பிள்ளை எங்கள் விறாந்தையில் வாசித்தபோது மூன்றாவது சுற்றில் தம்பிக்காரன் எழும்பிப் போனான். அடுத்த கிழமை அவள் கொப்பியைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. பன்னிரண்டு பார் மிஞ்சியிருந்தது. பக்கத்திலேயே திகதி போட்டு வைத்திருந்தாள்.