அமெரிக்க விமான நிலையச் சோதனையில் பயணப்பொதி சேதமானால்: இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபரம் திரட்டும் முறை

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வரும் உறவினர்கள் பலர், கட்டுநாயக்காவில் இறங்கி, ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் வந்து, வீட்டு விறாந்தையில் பெட்டியைத் திறந்த பிறகுதான் பூட்டு வெட்டப்பட்டிருப்பதையும் உள்ளேயிருந்த பொருள் உடைந்திருப்பதையும் காண்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளிடம் போய்த் திரும்பும் தாய் தகப்பன்மாருக்கும் இதே நிலைதான். இழப்பீடு கேட்கலாம் என்று யாராவது சொன்னதும், படிவம் நிரப்பித் தரும்படி அவர்கள் தேடி வருவது பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்காரரிடம், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரிடம், அல்லது குடும்பத்தில் கணினி தெரிந்த பிள்ளையிடம். அப்படி உதவி செய்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். படிவத்தை நிரப்புவது கடினமான வேலையல்ல. வந்தவரிடமிருந்து சரியான விபரத்தைச் சரியான ஒழுங்கில் கேட்டு எடுப்பதே கடினம். பல கோரிக்கைகள் பலவீனமாவது அந்த இடத்தில்தான்.

முதலில், கோரிக்கை யாருக்கு எதிரானது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளையும் பொதிகளையும் சோதிப்பது டி.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் சட்டம் மூலம் உருவாக்கப்பட்ட அரச நிறுவனம் அது. விமானத்தின் அடியில் ஏற்றப்படும் ஒவ்வொரு பொதியையும் அது கருவியால் சோதிக்கிறது. ஐயம் எழுந்தால், பயணி இல்லாத நேரத்திலேயே பொதியைத் திறந்து கையால் சோதித்து, சோதித்ததாகக் கூறும் அச்சிட்ட அறிவித்தல் தாள் ஒன்றை உள்ளே வைத்து மூடுகிறது. இந்தத் தாள் இருந்தால் பொதி திறக்கப்பட்டதற்கு அதுவே சான்று. இல்லையென்றால் கோரிக்கை இல்லாமற் போய்விடாது. ஆனால் வேறு சான்றுகள் அதிகம் தேவைப்படும்.

அதே பொதியை விமான நிறுவனத்தின் ஊழியர்களும், இடையில் டோஹாவிலோ டுபாயிலோ உள்ளவர்களும், கட்டுநாயக்காவில் உள்ளவர்களும் கையாண்டிருப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து நேரே வந்த பொதியைச் சோதித்தது கனடாவின் வேறொரு நிறுவனம். அதற்கு இந்தப் படிவம் பொருந்தாது. இங்கிருந்து கொண்டுபோன கருவாட்டையோ விதைகளையோ அமெரிக்காவில் இறங்கிய இடத்தில் எடுத்துக்கொண்டது சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள், அவர்களும் வேறு. அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் நகரத்தில் பயணி தன் பொதியை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்காக மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால், அங்கேதான் டி.எஸ்.ஏ. சோதனை நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோ போன்ற சில விமான நிலையங்களில் டி.எஸ்.ஏ. மேற்பார்வையின் கீழ் தனியார் நிறுவனங்களே சோதிக்கின்றன. அங்கு நடந்த சேதத்துக்குக் கோரிக்கை அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். ஆகவே உங்கள் முதற் கேள்வி பொருளைப் பற்றியதாக இருக்கக்கூடாது. எந்த ஊரில் பொதியைக் கொடுத்தார்கள், எங்கெங்கே மாறினார்கள், எங்கே திரும்ப எடுத்தார்கள் என்று பாதையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

நாட்களைப் பற்றி இரண்டு கணக்குகள் உள்ளன. இரண்டையும் வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிரான கோரிக்கை, அரச ஊழியரின் தவறால் நேர்ந்த நட்டத்துக்கு அரசிடமே இழப்பீடு கேட்க இடமளிக்கும் 1946 ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தீங்கியல் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. கோரிக்கை அந்த நிறுவனத்தின் கையில் கிடைத்த நாள்தான் கணக்கு; மட்டக்களப்புத் தபாலகத்தில் ஒப்படைத்த நாள் அல்ல. விமான நிறுவனத்துக்கு எதிரானதோ, சர்வதேச விமானப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதமான பொதியைப் பெற்ற நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் முறையிடப்பட வேண்டும். யார் சேதப்படுத்தினார்கள் என்பது உறுதியாகத் தெரியாதபோது, ஏழு நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, அதன் பிரதியை வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாக அரச நிறுவனத்துக்கான கோரிக்கையைத் தயாரிப்பதே நல்லது. வீடு வந்து, சொந்தபந்தம் பார்த்து, கோயில் திருவிழா முடித்து, அதன்பின் உங்களிடம் வருபவர்களுக்கு அந்த ஏழு நாட்கள் ஏற்கெனவே போயிருக்கும். அவர்களுக்கு அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இனி, கேட்கும் முறை. வந்தவர் அமர்ந்ததும் படிவத்தைத் திறக்காதீர்கள். நடந்ததை அவர் தன் வாயால், தன் தமிழில், முதலிலிருந்து கடைசிவரை சொல்லட்டும். நீங்கள் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இடையில் கேள்வி கேட்டால் அவர் உங்கள் கேள்விக்கேற்ப நினைவைத் திருத்தத் தொடங்கிவிடுவார். சொல்லி முடிந்த பிறகு அதை வாசித்துக் காட்டி, கண்டது எது, பிறர் சொன்னது எது, ஊகித்தது எது என்று பிரித்தெடுங்கள். "அவங்கதான் உடைச்சுப் போட்டாங்க மகன்" என்று ஒரு தாய் சொன்னால், "நீங்க கண்ணால கண்டீங்களாம்மா, இல்லாட்டிப் பெட்டியத் திறந்தாப் பிறகு அப்படி நினைச்சீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவரைச் சந்தேகிப்பதாகத் தோன்றாத குரலில் கேட்க வேண்டும். நட்டப்பட்டு வந்தவர் அவர்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். களுவாஞ்சிக்குடியிலுள்ள தங்கைக்கென்று ஒருவர் தையல் இயந்திரம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். "சோதனையில் இயந்திரத்தை உடைத்துவிட்டார்கள்" என்று எழுதினால் அது வெறும் முடிவு, சான்றாகாது. அதற்குப் பதிலாக, இயந்திரத்தின் இருபுறமும் இருந்த ரெஜிபோம் அணைப்புகள் பெட்டியின் அடியில் தனியாகக் கிடந்ததையும், அவை இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் எந்த அணைப்புமின்றிச் சாய்ந்திருந்ததையும், நூல் தண்டு நின்ற மேல்மூடி பிளந்திருந்ததையும், அறிவித்தல் தாள் அந்த மூடிக்கு மேலே மடிக்கப்படாமல் இருந்ததையும் எழுதினால், வாசிக்கும் அதிகாரிக்கு நடந்தது தானே விளங்கும். பெட்டியைத் திறந்தவர்கள் திரும்ப அடுக்கும்போது அணைப்பை வைக்கத் தவறினார்கள் என்பது அந்த நான்கு விபரங்களிலிருந்தே வெளிவருகிறது. ஊழியரின் கவனயீனத்தைக் காட்டினாலன்றி இந்தச் சட்டத்தின் கீழ் பணம் கிடைக்காது என்பதால், பொதி கட்டப்பட்டிருந்த விதத்தையும் அது திரும்பக் கிடைத்த விதத்தையும் அருகருகே வைத்துக் காட்டுவதே கோரிக்கையின் உயிர்.

வாகனப் பயணத்தையும் கேட்டே ஆக வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து வரும்போது பெட்டி வாகனத்தின் கூரையில் கட்டப்பட்டதா, உள்ளே இருந்ததா, அதற்கு மேல் வேறு பெட்டி அடுக்கப்பட்டதா, வழியில் யாராவது திறந்தார்களா? இந்தக் கேள்வியைப் பலர் விரும்புவதில்லை. ஆனால் சேதம் வழியில் நேர்ந்திருக்கலாம் என்று நீங்களே கருதினால், அதை மறைத்து எழுத நீங்கள் துணைபோகக்கூடாது. அமெரிக்க அரசிடம் பொய்யான கோரிக்கை வைப்பது அபராதத்துக்கும் சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றம். அந்த எச்சரிக்கை படிவத்திலேயே உள்ளது.

வெட்டிய பூட்டுக்கும் பணம் கிடைக்கும் என்று மக்களிடம் தவறான நம்பிக்கை உண்டு. டி.எஸ்.ஏ. ஊழியர்களின் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகள் கடைகளில் உள்ளன. மற்றப் பூட்டுகளைத் தேவைப்பட்டால் வெட்டுவார்கள், வெட்டிய பூட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அந்த அறிவித்தல் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எனவே வெட்டிய பூட்டைச் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு விலை கேட்க வேண்டாம்.

புகைப்படங்கள் எடுக்காமல் வந்தவர்களை வீட்டுக்குத் திருப்பியனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். முழுப் பெட்டி, சேதமான இடம் அருகிலிருந்து, பூட்டு, பொதியில் ஒட்டிய பட்டையின் இலக்கம், அறிவித்தல் தாளின் இரு பக்கங்கள் ஆகியன தேவை. பயணச்சீட்டு, விமான ஏறு அட்டை, பொதிச் சிட்டை ஆகியவற்றையும் கேளுங்கள். கடவுச்சீட்டு உறைக்குள் பொதிச் சிட்டை ஒட்டியபடியே இருப்பது வழக்கம். உடைந்த பொருளைக் கோரிக்கை முடியும்வரை எறியக்கூடாது.

பெயர், திகதி, முகவரி ஆகிய மூன்றும் எளியவை போலத் தோன்றினாலும், நம்மவர்களின் கோரிக்கைகளில் சிக்கல் வருவது இவற்றில்தான். தகப்பன் பெயர் முன்னே வரும் நம் வழக்கத்தால், பயணச்சீட்டில் ஒருவிதமாகவும் பற்றுச்சீட்டில் வேறுவிதமாகவும் பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். அமெரிக்கப் படிவத்தில் மாதம் முன்னே, நாள் பின்னே வரும். நாம் ஓகஸ்ட் 5 என்று எண்ணி 05/08 என எழுதினால் அவர்கள் அதை மே 8 என்று வாசிப்பார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. சம்பவத் திகதி என்பது அங்கே பொதியைக் கொடுத்த நாள். வீட்டில் திறந்த நாளை வேறாகக் குறிப்பிடுங்கள். வீட்டு இலக்கமில்லாத முகவரியென்றால், கிராமப் பெயரோடு தபாற் குறியீட்டையும், நாட்டுக் குறியீடான 94 உடன் தொலைபேசி இலக்கத்தையும் சேருங்கள். பல மாதங்களுக்குப் பிறகு வரும் கடிதம் கைக்குக் கிடைக்க வேண்டுமல்லவா? அமெரிக்காவிலேயே வசிப்பவர் என்றால் அவருடைய அந்நாட்டு முகவரியைக் கொடுப்பதே உசிதம்.

தொகையைப் பற்றி வந்தவர் பெரும்பாலும், "அவங்க பார்த்துத் தரட்டும்" என்பார். அதற்கு இடமில்லை. அமெரிக்க டொலரில் ஒரு குறித்த தொகையை எழுதாத கோரிக்கை, சட்டப்படி கோரிக்கையாகவே கொள்ளப்படாமல் போகலாம். பிறகு வழக்குக்குப் போனாலும், முன்னர் அறிந்திருக்க முடியாத புதிய சான்று கிடைத்தாலன்றி, எழுதிய தொகைக்கு மேல் கேட்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய திகதி, வாங்கிய விலை, பற்றுச்சீட்டு, திருத்தக்கூடியதென்றால் திருத்துபவர் தரும் மதிப்பீடு, திருத்த முடியாதென்றால் உடைந்த பொருளுக்கு இன்னும் உள்ள பெறுமதி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். மட்டக்களப்பு நகரிலுள்ள திருத்துமிடத்தின் மதிப்பீடும் செல்லும். கடையின் கடிதத்தலைப்பில், முத்திரையுடன், திகதியிட்டு வாங்குங்கள். ரூபாயில் உள்ளதை எந்த நாள் மாற்று விகிதத்தில் டொலராக்கினீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் வங்கி அட்டைக் கணக்கு விபரம், வாங்கியபோது வந்த மின்னஞ்சல், முன்பு எடுத்த புகைப்படம் ஆகியவற்றைத் தேடச் சொல்லலாம். மருதமுனைக் கைத்தறிச் சேலை போன்ற, சந்தையில் உறுதியான விலையில்லாத பொருளுக்கு, நெய்த இடத்திலோ விற்ற கடையிலோ விலைக்கடிதம் பெறுவதே வழி. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். பெரிய தொகையென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரை நாடுங்கள்.

விமான நிறுவனமோ காப்புறுதியோ ஏற்கெனவே ஏதும் கொடுத்ததா என்றும் கேளுங்கள். கொடுத்ததை மறைத்தால் கோரிக்கை முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கையொப்பம் பொருளின் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். அவர் திரும்பிப் போய்விட்டாரென்றால், அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்காதீர்கள். படிவத்தை அனுப்பி அவரிடமே பெறுங்கள். அவர் சார்பில் வேறொருவர் கோருவதை அந்த விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அதற்கான அதிகாரத்தை அவர் வழங்கியதற்கு எழுத்துச் சான்றும் உடனிருக்க வேண்டும். கையொப்பத்துக்கு முன் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி, ஏனெனில் பொறுப்பு முழுவதும் அவருடையது.

உதவிக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. பிரதி, ஸ்கான், தபால் ஆகியவற்றுக்கு உரிய கட்டணம் நியாயமானது. கிடைக்கும் பணத்தில் பாதி தா என்று பேசுவது நியாயமல்ல. வழக்குக்குப் போகாமல் நிறுவனத்தோடு முடியும் கோரிக்கைகளில் சட்டத்தரணிகளே நூற்றுக்கு இருபதுக்கு மேல் பெற அந்தச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. கடவுச்சீட்டுப் பிரதி, வங்கி விபரம் போன்றவை கடைக் கணினியிலோ வட்ஸ்அப்பிலோ கிடக்கக்கூடாது; வேலை முடிந்ததும் அவர் கண்முன்னேயே அழித்துவிட்டு, முழுக் கோப்பின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

அனுப்பிய பின் கோரிக்கைக்கு ஓர் இலக்கம் வழங்கப்படும். அதை அவருடைய தொலைபேசியிலும் கோப்பின் மேற்புறத்திலும் குறித்துவிடுங்கள். நிறுவனம் தீர்மானிக்க ஆறு மாதம் வரை எடுக்கலாம். அதற்குள் மேலதிக ஆவணம் கேட்டு எழுதினால் தாமதிக்காமல் பதிலனுப்ப வேண்டும். கேட்டதில் ஒரு பகுதியைத் தருவதாக வந்தால், அதை ஏற்றுக்கொண்ட பின் அதே சேதத்துக்கு மீண்டும் கேட்க முடியாது என்பதை விளக்கி, முடிவை அவரிடமே விடுங்கள். மறுத்துக் கடிதம் வந்தால், அது அனுப்பப்பட்ட திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். கடல்கடந்து வரும் கடிதம் வழியில் எடுக்கும் நாட்களும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே கழிவதால், கடித உறையைத் தபால் முத்திரையோடு வைத்துக்கொண்டு, அன்றே உரியவரை அழைத்து அறிவியுங்கள்.