முதல்முறை அவுட்பேக் போகிறீர்களா? உலுருவில் தொடங்குங்கள்

மெல்போர்னிலும் சிட்னியிலும் குடியேறிப் பத்து வருஷம் ஆனவர்கள்கூட அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தூரம், வெயில், பாம்பு என்று ஏதாவது ஒரு பயம். முறையாகத் திட்டமிட்டால் சின்னப் பிள்ளைகளோடும் போய்வரலாம். ஐந்து நாள் போதும். தொடங்க வேண்டிய இடம் உலுரு, அந்த நடுப்பகுதியில் தனியாக நிற்கும் மாபெரும் செம்பாறை.

ஒரு சின்னச் செய்தி. உலுரு என்று நாம் எழுதும் பெயரின் கடைசி எழுத்து, அந்த மண்ணுக்குரிய அனாங்கு மக்களின் மொழியில் ஏறக்குறைய நம் ‘ழு’தான். ஆங்கிலேயர்கள் திணறும் அந்த ஒலி நமக்கு இயல்பாக வரும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில்தானே பள்ளிக்கு நீண்ட விடுமுறை என்று வீட்டில் கேட்பார்கள், மசிய வேண்டாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலையில் பகல் 20 டிகிரி சொச்சம், ஆனால் இரவில் பூஜ்யத்தைத் தொடும். பாலைவனம்தானே என்று நான் ஒற்றை ஸ்வெட்டரோடு போய், முதல் நாள் இரவு சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படி 2: ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து காரில் போங்கள்

உலுருவுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. இருந்தாலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற நடு ஆஸ்திரேலிய ஊரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, சுமார் 450 கிலோமீட்டர் ஓட்டிப் போவதையே நான் சொல்வேன். அந்த வெறுமையைக் கடந்து போனால்தான் பாறையின் அருமை தெரியும். முழுவதும் தார்ச் சாலை, சாதாரண கார் போதும். நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். 200 கிலோமீட்டரில் எர்ல்டண்டா வரும். அங்கே பெட்ரோலை நிரப்பிக்கொண்டு மேற்கே திரும்புங்கள். வழியில் இடதுபக்கம் தட்டையான தலையோடு ஒரு மலை தெரியும். “அதோ உலுரு!” என்று காருக்குள் யாராவது கத்துவார்கள். அது கானர் மலை; எல்லோரும் ஏமாறுகிற இடம்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கங்காரு, மாடு, ஒட்டகம் எது வேண்டுமானாலும் குறுக்கே வரும். ஒட்டகமா என்றால், ஆமாம். 19ஆம் நூற்றாண்டில் சுமை இழுக்கக் கப்பலில் கொண்டுவந்தவை. மோட்டார் வண்டி வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள், காட்டில் பெருகிவிட்டன. ரோடு டிரெயின் எனப்படும் தொடர் லாரிகள் 50 மீட்டருக்கு மேல் நீளம். எதிரே வெகுதூரம் காலியாகத் தெரிந்தால் மட்டுமே முந்துங்கள். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடந்து போகாதீர்கள். காரோடு இருப்பவர்களைத்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

படி 3: மூட்டை முடிச்சு

வெயிலில் நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய்கறியை ஆலிஸிலேயே வாங்கிவிடுங்கள். உலுரு பக்கம் தங்குமிடம் யுலாரா என்ற சின்ன ஊர்தான், விலையும் கூடுதல். உலுரு இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை.

அப்புறம் ஈ வலை. தொப்பிக்கு மேல் போட்டு முகத்தை மூடும் வலை இது. நம் வீட்டு ஈ மாதிரி விரட்டினால் போகாது. கண்ணின் ஈரத்துக்கும் மூக்குக்கும் குறிவைத்து வரும். வலைக்கு அடியில் கையை விட்டுப் புளிசாதம் சாப்பிடப் பழக ஒரு நாள் ஆகும். குளிர்ந்த மாதங்களில் தொல்லை குறைவு.

படி 4: சூரியனை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பயணத்தில் இதுதான் முக்கியம். விடிகாலையில் நடை, பதினொரு மணிக்கு நிழல், சாப்பிட்டுவிட்டுத் தூக்கம், நான்கு மணிக்கு மேல் மறுபடி வெளியே. ஊர் சுற்ற வந்துவிட்டு மத்தியானம் தூங்குவதா என்று நினைக்காதீர்கள்.

முதல் காலை உலுருவைச் சுற்றி நடங்கள்: 10.6 கிலோமீட்டர், சமதளம், மூன்றரை மணி நேரம். தூரத்திலிருந்து வழவழவென்று தெரியும் பாறை, கிட்டே போனால் மீன் செதில் போல உரிந்துகொண்டிருக்கும். செதில் பெயர்ந்த இடங்களில் உள்ளே சாம்பல் நிறம். பாறையின் சொந்த நிறம் அதுதான். சிவப்பெல்லாம் இரும்பு துருப்பிடித்த மேல்பூச்சு. முட்டிஜுலு சுனை அருகே பத்து நிமிஷமாவது பேசாமல் உட்காருங்கள்.

பாறைமேல் ஏற முடியாது. அனாங்கு மக்களுக்கு அது புனிதமான இடம். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது. சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். நம் கோயில் கருவறைக்குள் கேமராவை நீட்டுவோமா? அதே மரியாதைதான்.

இரண்டாம் காலை காட்டா ஜூட்டா. ‘பல தலைகள்’ என்று பொருள், 36 குன்றுகள். ‘காற்றுகளின் பள்ளத்தாக்கு’ நடை 7.4 கிலோமீட்டர். கற்கள் நிறைந்த பாதை, பிடிப்பான ஷூ வேண்டும். வெப்பம் 36 டிகிரியைத் தொடும் நாட்களில் பதினொரு மணிக்கு மேல் பாதையை மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் உலுருவைவிட இதுவே அழகு.

நேரம் இருந்தால் கிங்ஸ் கேன்யன் என்ற ஆழமான பள்ளத்தாக்கு. விளிம்பு நடை 6 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே செங்குத்தான படிகள், அதைத் தாண்டிவிட்டால் மீதி சுலபம்.

படி 5: இருட்டிய பிறகும் வெளியே இருங்கள்

சூரியன் மறைந்ததும் எல்லோரும் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்புவார்கள். நீங்கள் கால் மணி நேரம் பொறுங்கள். பாறை கருஞ்சிவப்பாகி, ஊதாவாகி, மெல்ல அணையும்.

யுலாரா கூடாரத் திடலில் ஸ்வாக் எனப்படும் கித்தான் படுக்கையில் ஓர் இரவாவது திறந்த வெளியில் படுங்கள். முதலில் தெற்குச் சிலுவையைத் தேடுங்கள். பக்கத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது ஒரு தலை. அங்கிருந்து பால்வீதி நெடுக நீளும் இருட்டுதான் கழுத்தும் உடம்பும். எல்லாம் சேர்ந்தால், இருளால் ஆன ஓர் ஈமு பறவை. நட்சத்திரங்களை விட்டுவிட்டு, நடுவே உள்ள இருளைப் பார்த்தால்தான் அது பிடிபடும். எனக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று. ஏழு வயது மகள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

காலையில் ஷூவைத் தலைகீழாக உதறிவிட்டுப் போடுங்கள். உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது.