உங்கள் பேச்சை நீங்களே பதிவு செய்து திருத்துவது எப்படி?

ஐந்து நிமிடப் பேச்சு போதும். அரை மணி நேரம் பதிவு செய்தால் திரும்பக் கேட்கவே மனம் வராது. போனைக் கண் உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளி, தலை முதல் பாதம் வரை தெரியும்படி வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். வெளிச்சம் எதிரிலிருந்து விழவேண்டும். நடுவில் தடுமாறினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். தடுமாறியபின் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

கேட்டதும் 'இதுவா என் குரல்?' என்று தோன்றும். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. அதனால் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. மற்றவர்கள் என்றைக்கும் கேட்டுவருவது பதிவில் உள்ளதைப் போன்ற குரலைத்தான். இதைக் குறை என்று நினைத்துக் குரலை மாற்றப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் கவனிக்கப் பார்ப்பதால்தான் பலர் 'சுமாராகப் பேசியிருக்கிறேன்' என்பதற்குமேல் எதையும் கண்டுபிடிப்பதில்லை. முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா' வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு. பக்கத்திலேயே 1:42 என்பதுபோல நேரம். எத்தனை கோடுகள் என்பதைவிட அவை எங்கே விழுகின்றன என்பதுதான் முக்கியம். நெருக்கமாக விழுந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாகவே இருக்கும். அடுத்த வாக்கியம் கைவசம் இல்லாததால் வாய் எதையாவது போட்டு நிரப்புகிறது. அந்தச் சொல்லை அடக்க முயன்றால் பேச்சு இன்னும் திக்கும். மாறாக, "செலவு எவ்வளவு என்று பார்த்தோம், யார் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி" என்பதுபோல ஓர் இணைப்பு வாக்கியத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்து வாக்கியக் கடைசிகள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'முடியும்', 'முடியாது' என்ற வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அந்தச் சொல் அமுங்கினால் முழு வாக்கியமும் வீண். இதைப் பக்கத்தில் வைத்த போனில் சோதிக்க முடியாது. பல போன்கள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்திவிடும். பேசியவருக்கோ என்ன சொன்னோம் என்பது ஏற்கெனவே தெரியும். இன்னொரு போனை அறையின் கடைசி வரிசையில் வைத்துப் பதிவு செய்து, பேச்சைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, புரியாத இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அமுங்கும் வாக்கியங்களை இரண்டாக உடைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால், ஆடிக்கொண்டே நிற்பது, மூக்கைத் தொடுவது, ஒரே பக்கத்து ஆட்களை மட்டும் பார்ப்பது எல்லாம் பளிச்சென்று தெரியும்.

கண்டதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறை வந்த இரண்டு நிமிடப் பகுதியை மறுநாள் மறுபடி பேசிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அது சரியான பிறகே அடுத்த குறைக்குப் போகலாம். தனியறையில் சரியானது கூட்டத்துக்கு முன் திரும்பி வருவதுண்டு. ஆகவே மேடைப் பேச்சையும், ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொண்டு, பதிவு செய்து இதே வரிசையில் பாருங்கள்.