வண்டியில் வயர்லெஸ் செட்: பழுதைப் பெட்டிக்கு வெளியே தேடுங்கள்

காரில் மாட்டிய வயர்லெஸ் செட் வேலை செய்யவில்லை என்றால் பலருக்கும் முதலில் கை போவது ஸ்க்ரூ டிரைவருக்குத்தான். மூடியைக் கழற்றி உள்ளே நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. ஓடுகிற வண்டியில் அதிகம் அடிபடுவது செட் அல்ல. பேட்டரியிலிருந்து வரும் ஒயர், பியூஸ், ஆன்டெனா கேபிள், அதன் இரு முனைகளிலும் உள்ள கனெக்டர்கள், மைக்கின் சுருள் ஒயர் ஆகியவைதான் அடி வாங்குகின்றன. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்கள் (உரிமம் பெற்று வயர்லெஸ்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள்) பேசும் 50 வாட் வி.எச்.எஃப். செட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆம்புலன்ஸிலோ டாக்ஸியிலோ இருக்கும் செட்டுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல இடங்களில் செல்போன் ஊமையாகிவிட்டது. அந்த மாதிரி நாளில்தான் வண்டியில் இருக்கும் செட்டின் அருமை தெரியும். அன்றைக்கு உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் சாதாரண நாளிலேயே சரியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மின்சாரம் எடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி 50 வாட் செட்டை ஓட்டப் பார்க்கிறார்கள். கேட்கும்போது செட்டுக்கு அரை ஆம்பியர் அளவுதான் தேவை, அதனால் ஒரு பிரச்சினையும் தெரியாது. பேச பட்டனை அமுக்கியதும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த சாக்கெட்டின் ஒயரும் ஸ்பிரிங் தொடுமுனையும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டிஸ்பிளே மங்கும், செட் அணைந்து திரும்ப எரியும், இல்லாவிட்டால் எதிர்முனையில் குரல் உடைந்து கேட்கும். உடனே "செட் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் போதுமா என்றால், ஒயரின் தடிமனையும் பார்க்க வேண்டும். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரை 4 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 8 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் ஏறக்குறைய 1.4 வோல்ட் காணாமல் போகும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தால் செட்டுக்கு வந்து சேர்வது 11 வோல்ட். பெரும்பாலான செட்டுகள் 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. அதாவது 11.7-க்குக் கீழே போனால் அது ஒழுங்காக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும்.

அளக்கும் விதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. செட் சும்மா இருக்கும்போது மீட்டரை வைத்துவிட்டு "12.6 இருக்கிறதே, பவர் சரிதான்" என்பார்கள். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செட்டின் பின்பக்க கனெக்டரில் அளக்க வேண்டும். ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு டம்மி லோடை (பவரை வெளியே விடாமல் சூடாக மாற்றிவிடும் சாதனம்) மாட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லாமல் அளக்கலாம். அங்கே வோல்ட் விழுந்தால், அதே போல் பட்டனை அமுக்கியபடி பேட்டரி முனையிலும் அளந்து பாருங்கள். அங்கே விழாமல் இங்கே மட்டும் விழுந்தால், நடுவில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது பச்சை பூத்திருக்கிறது. பியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். பேசி முடித்ததும் அது சுட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

நெகட்டிவ் ஒயரை எங்கே கட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி நேராக முனையிலேயே ஒயரைக் கட்டினால், செட் இழுக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கில் வராது. அந்த நெகட்டிவ் கேபிள் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் கட்டுவதே நல்லது.

லாரி, பஸ் என்றால் கதையே வேறு. அங்கே 24 வோல்ட். இரண்டு பேட்டரிகள் தொடராக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமே" என்று ஒயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். செட் ஓடும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக வடியும், சார்ஜ் ஏறுவது இரண்டுக்கும் சேர்த்துத்தான். நாளடைவில் ஒன்று அரைகுறை சார்ஜிலும் மற்றொன்று அளவுக்கு மீறிய சார்ஜிலும் கெட்டுப்போகும். 24-ஐ 13.8 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை, செட் இழுக்கும் ஆம்பியருக்குத் தாங்குவதாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள்.

பியூஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியருக்குப் பதில் 30 போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் வண்டியையே எரிக்கும் வேலை. பாசிட்டிவ் ஒயரில் பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால், நடுவழியில் ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. புதுப் பியூஸ் போட்டவுடன் மறுபடி போகிறது, அதுவும் யாரோ பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்த பிறகு என்றால், பல செட்டுகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் காவலுக்கு இருக்கும் டயோடு உயிரைக் கொடுத்து செட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றுவது சின்ன வேலைதான். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சரி, ஆன்டெனாவுக்கு வருவோம். மின்சாரத்தைவிட இங்கேதான் பாடு அதிகம்.

காந்த அடியில் நிற்கும் ஆன்டெனாவை இடம் பார்க்காமல் வைத்துவிடுகிறார்கள். கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளம் உள்ளது, 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் நீளக் கம்பி. அதன் மறுபாதி வேலையைச் செய்வது கூரைத் தகடு. தகட்டின் நடுவில் வைத்தால் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். பானட் ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் சோப்ளாங்கியாகவும் இருக்கும். கண்ணாடிக் கூரையிலும் ஃபைபர் கூரையிலும் காந்தமே ஒட்டாது, டேப் போட்டு ஒட்டினாலும் அடியில் தகடு இல்லாமல் பயனில்லை. டிக்கி விளிம்பில் திருகு வைத்து மாட்டும் வகையில், அந்தக் குட்டித் திருகு பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். பெயின்ட் போய்விடுமே என்று பாவம் பார்த்தால் ஆன்டெனாவுக்கு எர்த் கிடைக்காது. துளைத்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் துருவும் பிடிக்காது.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை முழுக்க நம்புவது இன்னொரு தவறு, இது அனுபவசாலிகளிடமும் உண்டு. அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் கூடக்கூடத் திரும்புவதும் கூடும். மீட்டர் 1.5 காட்டினால் சந்தோஷப்பட்டுக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கேபிளுக்குள் மழைத்தண்ணீர் இறங்கிப் பாதி பவரை அதுவே தின்றுகொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஆன்டெனா முனையில் உண்மையில் 3 இருந்தாலும், திரும்பி வரும் பவரும் வழியில் பாதி கரைந்துபோவதால், செட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் 1.7 என்றுதான் காட்டும். கேபிள் எவ்வளவு கெடுகிறதோ மீட்டர் அவ்வளவு நல்ல செய்தி சொல்லும். அதனால் கேபிளின் மறுமுனையில் வாட் மீட்டரையும் டம்மி லோடையும் மாட்டி, அங்கே எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பாருங்கள். நல்ல ஆர்.ஜி.58 கேபிள் நான்கைந்து மீட்டர் என்றால் 50 வாட்டில் சுமார் 40 வர வேண்டும். 25 வந்தால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். நிஜமாகவே கூடுதலாக இருந்தால் உடனே கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். திறந்த வெளியில், கதவெல்லாம் மூடி, 144, 145, 146 மூன்றிலும் அளங்கள். 144-இல் குறைவாகவும் 146-இல் கூடுதலாகவும் இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளம், கொஞ்சம் வெட்டலாம். தலைகீழாக இருந்தால் ஏற்கெனவே குட்டை, வெட்டினால் இன்னும் கெடும். ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்த்த மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டினாலே போதும், அதனால் ஒரே வெட்டில் ஒரு சென்டிமீட்டரை எடுத்துவிடாதீர்கள். நேற்றுவரை சரியாக இருந்து இன்று திடீரென்று ஏறியிருந்தால் கம்பி நீளம் காரணமாக இருக்கவே முடியாது. கனெக்டரைப் பாருங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.259 கனெக்டரில் நடு ஒயரை மட்டும் சால்டர் வைத்து, அதைச் சுற்றியுள்ள வெளிக் கம்பிப் பின்னலைச் சும்மா மடித்து இறுக்கியிருப்பார்கள். ஆரம்பத்தில் ஓடும், மேடு பள்ளத்தில் ஆடி ஆடிப் பின்னல் விலகும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிளைத் தனியாக மல்டிமீட்டரில் வையுங்கள். நடு முனைக்கும் வெளி உடலுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. ஒரு முனையின் நடுவுக்கும் மறுமுனையின் நடுவுக்கும் பூஜ்யம் காட்ட வேண்டும், வெளிப் பின்னலுக்கும் அப்படியே. இந்த நிலையில் கேபிளைக் கனெக்டருக்குப் பக்கத்தில் மெல்ல வளைத்து ஆட்டுங்கள். எண் குதித்தால் குற்றவாளி அதுதான். ஆன்டெனாவைக் கழற்றாமல் அளந்து, ஷார்ட் என்று பயந்துவிடாதீர்கள். அடியில் சுருள் வைத்த ஆன்டெனாக்கள் பலவற்றில் பூஜ்யம் காட்டுவதுதான் இயல்பு.

கதவில் நசுங்கும் கேபிளும் இப்படித்தான், மேல் தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே நடுக்கம்பி பின்னலை நோக்கி நகர்ந்திருக்கும். ரப்பர் பீடிங்கின் மென்மையான இடமாகப் பார்த்து விடுங்கள். உள்ளே நுழைவதற்கு முன் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பக்கத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதற்கு மேலோ குறுக்கேயோ எந்த ஒயரும் போகக் கூடாது. ஆன்டெனா இல்லாமல் பட்டனை அமுக்கவும் கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் செலவு பெரிது.

மைக் பற்றிக் கொஞ்சம். கேட்கிறது, ஆனால் பேச முடியவில்லை என்றால் பெரும்பாலும் சுருள் ஒயர் மைக்குக்குள் நுழையும் கழுத்தில் உடைந்திருக்கும். பட்டனை அமுக்கிக்கொண்டு அந்தக் கழுத்தை அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மைக்கை சீட் இடுக்கில் போடுவது மோசமான பழக்கம். பட்டன் அமுங்கிக்கொண்டால் உங்கள் வண்டிக்குள் நடக்கும் பேச்சு ஊருக்கே கேட்கும் என்பதைவிட, அந்த அலைவரிசையில் வேறு யாருமே பேச முடியாமல் போகும் என்பதுதான் ஆபத்து. ஒரு ஹூக் வாங்கி மாட்டுங்கள். செட்டில் டைம் அவுட் டைமர் இருந்தால் மூன்று நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். பட்டனை அமுக்கியவுடன் வாயைத் திறந்தால் முதல் சொல் போய்ச் சேராது. அரை வினாடி விட்டு, மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள்.

ஒன்றுமே கேட்கவில்லை, ரிப்பீட்டர் (உயரத்தில் இருந்து நம் பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) திறக்கவில்லை என்றால் ரீசெட் அடிக்காதீர்கள். சேமித்து வைத்த சேனல் எல்லாம் போய்விடும். முதலில் ஸ்கெல்ச்சை, அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டை, முழுக்கத் திறந்து இரைச்சல் வருகிறதா என்று பாருங்கள். இரைச்சல் வந்தால் ஸ்பீக்கர் வரை உயிர் இருக்கிறது. அடுத்து டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி), அப்புறம் ரிப்பீட்டருக்காக நாம் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் உள்ள 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கூட்டலா கழித்தலா என்பது. பையன் பட்டனோடு விளையாடியதில் இவை மாறியிருப்பதுதான் வழக்கம்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கைச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எர்த் இணைப்பையும் பவர் ஒயரின் வழியையும் பாருங்கள். இன்ஜின் அணைத்தும் தொடரும் கரகரப்பு என்றால் மலிவான யு.எஸ்.பி. சார்ஜரையும் டேஷ்கேமையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, சாக்கெட்டிலிருந்தே எடுக்க வேண்டும். சத்தம் மறைக்க ஸ்கெல்ச்சை இறுக்கினால் தூரத்து நிலையங்களும் சேர்ந்து மறைந்துவிடும்.

சூடு: சீட்டுக்கு அடியில் கார்பெட்டை மூடி வைத்த செட் பத்து நிமிடம் பேசினால் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்கத் தகடுகளுக்குக் காற்று வேண்டும். மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

வண்டி பாடியில் வெல்டிங் வைக்கப் போகிறார்கள் என்றால் செட்டின் பவர் ஒயரையும் ஆன்டெனா கேபிளையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் எர்த் வழியாக மின்சாரம் புகுந்துவிடும்.

செட் நன்றாக ஓடும் நாளிலேயே நான்கு எண்களை ஒரு சீட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள்: பட்டன் அமுக்கியபோது செட்டில் வோல்ட், 145-இல் எஸ்.டபிள்யூ.ஆர்., கேபிள் மறுமுனையில் வாட், ஆன்டெனா மாட்டிய நிலையில் மல்டிமீட்டர் காட்டுவது. பழுது வந்த நாளில் அந்த நான்கையும் திரும்ப அளந்தால், எது மாறியிருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் போனால் போதும். நான்கும் மாறாமல் இருந்து, மைக்கும் மாற்றிப் பார்த்து, அதன் பிறகும் பேசவில்லை என்றால் செட்டை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள், கூடவே அந்தச் சீட்டையும்.