தெலுக் ஆயர் நாகூர் தர்காவை எப்படிப் பார்ப்பது?

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் நாகூர் தர்காவைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. கட்டட வரைபடம் போடும் வேலையில் பல காலம் இருந்தவன் நான். நம் ஆட்கள் சிங்கப்பூரில் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த முகப்பு இதுதான்.

காலையில் போங்கள். முகப்பு கிழக்குப் பக்கம் பார்ப்பதால் வெயில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு மாடத்தின் நிழலும் தெளிவாகத் தெரியும். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூர நடைதான். வாசலுக்கு நேராகப் போய் நின்றுவிடாதீர்கள். பூன் டாட் ஸ்திரீட் முனையில் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனால் முகப்பும் பக்கச் சுவரும் ஒன்றாகத் தெரியும்.

முதலில் கீழ்ப்பகுதி. வளைவு வாசல்கள், ஐரோப்பியப் பாணித் தூண்கள். ஆங்கிலேயர் மாளிகைகளில் அன்று இருந்த அதே பாணி. அப்புறம் கண்ணை மெல்ல மேலே கொண்டு போங்கள். கூரையின் கைப்பிடிச் சுவருக்கு மேல் வேறு ஊரே இருக்கிறது. குட்டிக் குட்டி வளைவுகளும் சன்னல்களுமாக ஒரு சின்ன அரண்மனை. மூலைகளில் சதுர மினாராக்கள், அதாவது கோபுரங்கள், அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் சிறு குமிழோடு முடிகின்றன.

ஒரு மினாராவை மட்டும் பென்சிலால் வரைந்து பாருங்கள். வரையத் தெரியாவிட்டாலும் சரி. நடுவில் ஒரு நேர்கோடு, அதில் அடுக்குகளுக்குக் குறி, பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் மாடம். மூன்று அடுக்கு முடிப்பதற்குள் கொத்தனார் பட்ட பாடு புரிந்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்தால் இது கிடைக்காது, கை ஓடும்போதுதான் கண் நிற்கும்.

இதைக் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தென்னிந்திய முஸ்லிம்கள். காலம் 1828 முதல் 1830 வரை. அப்போது இந்தத் தெருதான் கடற்கரை. எதிரே நிற்கும் உயரக் கட்டடங்கள் எல்லாம் பின்னாளில் கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை. கடல் தாண்டி வந்தவர்கள் நன்றி சொல்ல நினைத்தது நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகைக்கு. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த இறைநேசரின் அடக்கத்தலம் நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில் இருக்கிறது. இங்கே இருப்பது அவர் நினைவிடம்தான்.

ஆகவே கிளம்பும் முன் தமிழ்நாட்டு நாகூரில் உள்ள தர்காவின் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து மினாராக்கள். 131 அடி உயரப் பெரிய மினாராவை 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இங்குள்ள குட்டி மினாராக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரில் கண்ணில் பட்டதை மனதில் சுமந்து வந்து இங்கே வைத்திருப்பது தெரியும். எனக்கு இந்த ஒப்பீடுதான் மொத்த நடைக்கும் உயிர்.

உள்ளே 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சாரியில் தியான் ஹொக் கெங் சீனக் கோயிலைத் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்பார்கள். எளிமையான கட்டடம், அங்கே அதிக நேரம் தேவைப்படாது.

நேரமிருந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ பள்ளிவாசல் வரை நடந்துவிடுங்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் இரண்டு எண்கோண மினாராக்கள். நடுவே அதே குட்டி அரண்மனை. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாயில் தெருவோடு இணையாக நிற்கிறது. உள்ளே தொழுகைக்கூடமோ கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்கிறது. வாயிலைக் கடந்து நாலு அடி வைத்ததும் நின்று, வந்த வழியையும் கூடத்தின் சுவரையும் மாறி மாறிப் பாருங்கள், கோணம் பிடிபடும்.

மூன்று இடங்களிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. வெள்ளி நண்பகலில் ஜும்ஆ தொழுகைக் கூட்டம் இருக்கும், சுற்றிப் பார்ப்பதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.