பழைய ரோலெக்ஸ் வாங்கும்போது உத்தரவாதச் சீட்டைச் சரிபார்ப்பது எப்படி

பழைய ரோலெக்ஸ் கைக்கடிகாரம் பார்க்கப் போனால் முதலில் பட்டையைக் கழற்றித் தரச் சொல்வேன். பழைய ஆய்ஸ்டர் (தண்ணீர் புகாத கூடு உள்ள ரோலெக்ஸ்) மாடல்களில் 12 மணிப் பக்கம், பட்டை மாட்டும் இடத்தில் மாடல் எண் இருக்கும். 6 மணிப் பக்கம் சீரியல் எண். லென்ஸ் வைத்து, உத்தரவாதச் சீட்டோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பல பழைய சீட்டுகளில் எண்ணைப் பொடிப்பொடித் துளைகளாகப் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

ஒரு வியாபாரி எனக்குப் பெட்டி, சீட்டு எல்லாம் எடுத்து வைத்தார். கடைசி இலக்கம் மட்டும் வேறு. எழுந்து வந்துவிட்டேன். பெட்டியைத் தனியாகவே வாங்கலாம், அதை நம்பாதீர்கள்.

படேக் ஃபிலிப் (இன்னொரு சுவிஸ் கடிகாரக் கம்பெனி) என்றால் கம்பெனியிடமே ஆவணச் சான்று கேட்கலாம். தயாரித்த காலமும் விற்ற தேதியும் வரும், வாங்கியவர் பெயர் வராது. அதனால் முன்பு யாரிடம் இருந்தது என்று தெரிய, பழைய சர்வீஸ் ரசீது கசங்கியிருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.