அரெக்கிப்பாவில் சாப்பிட நேரம் பார்த்துப் போங்கள்

பெருவின் அரெக்கிப்பா நகரில் ஊர்ச்சாப்பாடு கிடைப்பது 'பிக்கன்தெரியா' கடைகளில். இவை மதியத்துக்கானவை, இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போனால் பெரும்பாலும் பூட்டுதான். ஆற்று இறால் சூப்பான 'சூப்பே'தான் ஆசை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை தவிர்க்கவும். இனப்பெருக்கக் காலம் என்பதால் அப்போது இறால் பிடிக்கத் தடை. பன்றிக்கறி 'அடோபோ' ஞாயிறு காலை உணவு. காய்மா பகுதிக்குச் சீக்கிரம் போய், ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள்.

'ரொக்கோத்தோ' பார்க்கக் குடைமிளகாய்தான், ஆனால் நல்ல காரம். விதையும் நரம்பும் நீக்கி வேகவைத்த பிறகும் உறைக்கும். இந்த மிளகாய்க்குள் கொத்துக்கறி அடைத்துத் தருவார்கள். சைவர்கள் 'சொல்தேரித்தோ' கேட்கலாம்: பெரிய அவரைப் பருப்பு, சோளம், பாலாடைக்கட்டி, ஆலிவ், வெங்காயம். 'கேசோ எலாதோ' என்றால் 'உறைந்த சீஸ்'. உண்மையில் சீஸே இல்லாத பால் ஐஸ்தான்.

ஊர் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். 1579இல் தொடங்கிய சாந்தா கத்தலினா மடத்தைக் காலையில் பாருங்கள். வெள்ளை எரிமலைக்கல்லில் மதிய வெயில் கண்ணைக் கூசும்.